சீருடை யாருக்குக் கதவு திறக்கும்?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2002இல் எடுத்த ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ படத்தை நம் தோழர்கள் சிலர் மெச்சிப் பேசக் கேட்டிருக்கிறேன். பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு பையன் விமானி உடுப்பை மாட்டிக்கொண்டு வங்கியையும் போலீசையும் ஏமாற்றுகிறான். அதிகாரம் என்பது வெறும் துணிதான் என்று படம் போட்டு உடைக்கிறது, ஆகவே இது கலகப் படம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. படம் சொல்வது பாதி உண்மை. விட்டுவிட்ட பாதியில்தான் நம்ம கதை கிடக்கிறது.

அந்தப் பாதி உண்மையைப் படம் நன்றாகவே சொல்கிறது, அதை மறுக்கவில்லை. ஃபிராங்க் என்ற அந்தப் பையன் சாதாரண உடுப்பில் செக்கை நீட்டும்போது வங்கிக்காரர்கள் விரட்டுகிறார்கள். ஒரு நாள் விமானி ஒருவர் பணிப்பெண்கள் சூழ வந்து இறங்குவதையும், சனங்கள் வாய்பிளந்து பார்ப்பதையும் காண்கிறான். பான் அமெரிக்கன் கம்பெனிக்கு உடுப்புத் தைக்கும் இடத்துக்குப் போய், என் சீருடை தொலைந்துவிட்டது என்கிறான். அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். அதே பையன், அதே மோசடிப் புத்தி. இப்போது வங்கியில் சிரித்து வரவேற்கிறார்கள்.

இந்த உடுப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆரம்பகால விமானிகள் தோல் சட்டையும் கண்ணாடியும் மாட்டிய சாகசக்காரர்கள். அவர்களை நம்பி ஏற பயணிகளுக்குப் பயம். 1930களின் தொடக்கத்தில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் பறக்கும் படகுகளுக்குக் கப்பல் பெயரை வைத்தது. விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளின் உடுப்பைக் கொடுத்தது. கருநீலக் கோட்டு, தொப்பி, கையில் தங்கக் கோடு, ‘கேப்டன்’ என்ற பட்டம் எல்லாம் கடலிலிருந்து வந்தவை. உசுரோட கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்கிற நம்பிக்கையைத் துணியில் தைத்து விற்றார்கள். அந்தத் துணிக்குள் வெள்ளை ஆண் உடம்புதான் இருக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

படத்தின் கதை 1963இல் தொடங்குகிறது. அந்த வருசம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் என்ன நடந்தது தெரியுமா? மார்லன் கிரீன் என்ற கறுப்பர், விமானப்படையில் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், 1957இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். படிவம் இனத்தைக் கேட்டது, புகைப்படமும் கேட்டது. அவர் இரண்டையும் தரவில்லை. கூப்பிட்டார்கள், பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது, அவருக்கு இல்லை. மறுத்ததற்கு நிறம் ஒன்றே காரணம் என்று கொலராடோ மாநில ஆணையம் கண்டது. நிறுவனம் சும்மா விட்டதா? மாநிலங்களுக்கிடையே ஓடும் வணிகத்துக்கு இந்தச் சட்டம் சுமை என்று வாதாடியது. 1963 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கிரீன் பக்கம் நின்றது. அதன் பிறகும் இரண்டு வருசம் கழித்து, 1965இல்தான் அவர் அந்தச் சீருடையைப் போட்டார். இதற்கிடையே, 1964இல், டேவிட் ஹாரிஸ் என்பவரை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேர்த்தது. வெளிர் நிறத்தவர் என்பதால், நான் கறுப்பன் என்று நேர்காணலில் அவரே சொல்லவேண்டியிருந்தது.

ஒருபக்கம் ஒரு மணி நேரமும் ஓட்டாத பையனுக்கு உடுப்பு உடனே கிடைக்கிறது. மறுபக்கம் 3,000 மணி நேரம் ஓட்டியவருக்கு எட்டு வருசம். இரண்டும் ஒரே நாடு, ஒரே காலம். ஃபிராங்கின் கதவைத் திறந்தது சீருடை மட்டுமல்ல; அதற்குள் இருந்த வெள்ளை முகமும்தான். டிகாப்ரியோவின் இடத்தில் ஒரு கறுப்புப் பையனை வைத்துப் பாருங்கள். தையல்காரர் அளவு நாடாவை எடுப்பாரா, போலீசைக் கூப்பிடுவாரா? ஸ்பீல்பெர்க் இதைக் கேட்கவே இல்லை. நிஜ ஃபிராங்க் சொன்ன சாகசங்களில் பெரும்பகுதி நடக்கவே இல்லை என்று 2020இல் வந்த ஆய்வு நூல் ஒன்று ஆவணங்களோடு வாதிடுகிறது. அந்தக் கதை உலகம் சுற்றியது. மார்லன் கிரீன் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அதற்காக, உடுப்பில் என்ன இருக்கு என்று தூக்கி எறியவும் முடியாது. பெஸ்ஸி கோல்மேன் சிக்காகோவில் முடிதிருத்தும் கடையில் நகம் சீவி வாழ்ந்த கறுப்புப் பெண். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவருக்குப் பறக்கக் கற்றுத்தர மறுத்ததால் பிரெஞ்சு படித்து, பிரான்சு போய், 1921இல் உரிமம் வாங்கினார். படை அதிகாரியைப் போல உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு சனங்கள் முன் பறந்தார். சினிமாவில் நடிக்க ஒத்துக்கொண்டவர், முதல் காட்சியில் கந்தலும் கைத்தடியும் முதுகில் மூட்டையுமாக வரவேண்டும் என்றதும் எழுந்து போய்விட்டார். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களைப் பார்த்து, தீண்டாமையை அடையாளம் காட்டும் உடுத்துமுறையை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னாரே, அதன் பொருளும் இதுதான். ஃபிராங்குக்கு உடுப்பு விளையாட்டு. கோல்மேனுக்கு அது உரிமைக் கோரிக்கை.

எம்.ஏ. தமிழ் முடித்து ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்காணல் போனேன். தேய்த்த சட்டை, மெருகேற்றிய ஷூ, எதிலும் குறையில்லை. அவங்க முதல்ல கேட்டது சொந்த ஊர். அடுத்தது அந்த ஊரில் எந்தத் தெரு. சங்க இலக்கியத்துக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை. கிரீன் காலியாக விட்ட கட்டம் நம்மூரில் படிவத்தில் இருக்க வேண்டியதில்லை. வாயாலேயே கேட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

‘நல்ல தோற்றம்’ என்ற விதி இன்றும் இப்படித்தான் வேலை செய்கிறது. விமானி தாடி வைத்தால் ஆக்சிஜன் முகமூடி பொருந்தாது என்று நெடுங்காலம் சொன்னார்கள். சுருள் முடி உள்ள கறுப்பர் பலருக்கு, மழித்த முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து புண்ணாகும். ஏர் கனடாவுக்காக சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்து, தாடியால் முகமூடிக்குக் கெடுதி இல்லை என்றது. 2018இல் அந்த நிறுவனம் தாடியை அனுமதித்தது. பாதுகாப்பு என்ற பேரில் நின்றது வெறும் பழக்கம்தான். 2021ஆம் ஆண்டின் அமெரிக்க அரசுக் கணக்கில் விமானிகளில் 100க்குச் சுமார் 4 பேர்தான் கறுப்பர்.

ஆகவே தோழர்களே, படத்தைப் பாருங்கள், சிரிக்கவும் செய்யுங்கள். வேஷம் போட்டால் அதிகாரம் ஏமாந்துவிடும் என்ற பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே நம்பப்படுகிறவனுக்கான பாடம். கிரீன் வேஷம் போடவில்லை. பறந்த மணி நேரக் கணக்கை மேசையில் வைத்தார், வழக்குப் போட்டார், விடாமல் நின்றார். தெருவைக் கேட்கிற அந்தக் கேள்வியைச் சட்டப்படி மடக்குகிற வேலைதான் நம் முன்னால் கிடக்கிறது.