அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

சிறுநீர்ப்பையின் தசையை எட்டாத புற்றுக் கட்டியை மருத்துவர் உள்நோக்குக் கருவியின் வழியே அகற்றிவிடுகிறார். இனி என்ன ஆகும்? இதைக் கணிக்க, ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி, சிகிச்சை அமைப்பு 2006ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் அட்டவணையை வெளியிட்டது. 2,596 நோயாளிகளின் விவரங்களிலிருந்து உருவான அதன் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தோலுக்கு நிறமேற்ற முன்பு பயன்பட்ட பென்சிடின் வகைச் சாயங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காரணமாகும் என்பது உறுதியான செய்தி. இந்திய அரசு 1990களில் அவற்றைத் தடை செய்தது. ஆனால், இத்தகைய பொருளோடு பழகியவருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் தோன்றக்கூடும்.

அட்டவணையின் சிறப்பு என்ன? பலரும் குழப்பிக்கொள்ளும் இரு கேள்விகளை அது பிரித்துக் காட்டுகிறது. கட்டி மீண்டும் வருமா என்பது ஒன்று. தசைக்குள் ஊடுருவி முற்றுமா என்பது மற்றொன்று. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில்கூட ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 31 பேருக்குக் கட்டி திரும்புகிறது. ஆனால் முற்றுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. மிக உயர்ந்த மதிப்பெண்ணிலோ இவை முறையே 78, 45 என உயர்கின்றன. ஆகவே, 'திரும்பி வந்தது' என்றாலே 'முற்றிவிட்டது' என்று அஞ்ச வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. கட்டிகளின் எண்ணிக்கை, அளவு, ஆழம், செல்களின் தன்மை, முன்பு திரும்பிய வேகம், உடன் படர்ந்த மேற்பரப்புப் புற்று ஆகிய ஆறையே அது கேட்கிறது. நோயாளி பீடி பிடிப்பவரா, சாயப் பிரிவில் உழைத்தவரா என்று கேட்பதில்லை. மேலும், அந்த நோயாளிகளுள் மிகச் சிலரே பி.சி.ஜி. மருந்து பெற்றவர்கள். அம்மருந்து பெற்ற 1,062 பேரைக் கொண்டு ஸ்பெயினில் 2009இல் உருவான கணக்கில் திரும்பும் அபாயம் குறைவாகவே இருந்தது.

ஆகவே, அட்டவணையை ஜாதகமாகக் கொள்ளாதீர்கள். மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கும் நாட்காட்டியாகக் கொள்ளுங்கள். அபாயம் குறைந்தவருக்கு மூன்றாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் சோதனை தேவை. அபாயம் மிகுந்தவருக்கு முதல் இரண்டாண்டுகள் மூன்று மாதத்திற்கொரு முறை தேவை. வலி இல்லையே, ஒரு நாள் கூலி போகிறதே என்று அதைத் தள்ளிப்போடுபவரை எந்த மதிப்பெண்ணும் காப்பாற்றாது. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கண்டால், தவணை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.