ரேடியோக்காரர் இறந்தால்: யாழ்ப்பாணத்துக் கல்வெட்டும் தமிழகத்துச் சுவரொட்டியும்

ரேடியோ பழுது பார்த்தே பிள்ளைகளை ஆளாக்கிய ஒருவர், 75 வயதில் காலமாகிறார். கடையை மூடிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவி, மூன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளிதழ் தானாக முன்வந்து செய்தி போடும் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. இப்படிப்பட்டவரின் வாழ்க்கையை அவருடைய மக்கள் எங்கே எழுதி வைக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் யாழ்ப்பாணம் சொல்லும் பதில் வேறு, தமிழ்நாடு சொல்லும் பதில் வேறு.

யாழ்ப்பாணத்தில் முதலில் வருவது மரண அறிவித்தல். ‘உதயன்’, ‘வீரகேசரி’ போன்ற நாளிதழ்களில் அதற்கென்றே இடம் உண்டு. நடை ஏறக்குறைய மாறாதது. பிறப்பிடம் ஓர் ஊர், வதிவிடம் இன்னோர் ஊர் என்று தொடங்கி, ‘இளைப்பாறிய வானொலித் தொழில்நுட்பவியலாளர்’ என்று தொழிலை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உறவுகளுக்குள் இறங்கும். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மருமகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும் என்று தொடங்கி தந்தை, மாமனார், மைத்துனர், பேரனார் வரை போய் ‘ஆவார்’ என்று முடியும். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, சுவிஸ், லண்டன் என்று நாடுகள் வரும். முழுவதும் ஒரே வாக்கியம்.

வெளியாளுக்கு இது வெறும் பெயர்ப் பட்டியல். ஊராருக்கோ இதுதான் முகவரி. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் சமூகத்தில், இறந்தவர் யார் என்பதை மருமகனின் பெயரோ மைத்துனரின் பெயரோதான் காட்டிக் கொடுக்கும். ஆட்கள் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சிதறிப்போன பிறகு இந்தப் பட்டியலின் பயன் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இலங்கையில் இந்த அறிவித்தல் நெடுங்காலமாக வானொலியிலும் ஒலித்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில், கட்டணம் செலுத்தினால் அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். தமிழகத்தில் சென்னை, திருச்சி வானொலியில் தலைவர்களின் மறைவு செய்தியாக வரும். சாதாரண வீட்டுச் சாவை வானொலி சொல்லும் வழக்கம் அங்கே வேர்விடவில்லை. ஆக, இலங்கை ரேடியோக்காரரின் சாவை, அவர் கைபட்டுத் திருந்திய பெட்டிகளே ஊருக்குச் சொல்லியிருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் வசதி உள்ளவர்கள் நாளிதழில் விளம்பரம் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சுவரொட்டிதான், இப்போது ஃப்ளெக்ஸ். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் படம். பெரும்பாலும் கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. உற்றுப் பார்த்தால் பக்கத்தில் நின்றவரின் தோள் மிச்சம் இருக்கும். இரு பக்கமும் குத்துவிளக்கு. ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிகள். பெயருக்கு முன்னால் ‘ரேடியோ’ என்ற அடைமொழி தவறாமல் இருக்கும். அது இல்லாவிட்டால் தெருவுக்கு ஆளைத் தெரியாது. அடியில் வருந்துகிறவர்களின் வரிசை: மேலத்தெரு நண்பர்கள், ஆட்டோ ஸ்டாண்ட், எலக்ட்ரிக்கல் கடைக்காரர்கள், வார்டு கட்சிக்காரர்.

யாழ்ப்பாணத்து அறிவித்தலில் அவர் இன்னாரின் மகன், இன்னாரின் மாமனார். தமிழகத்துச் சுவரொட்டியில் அவர் இந்தத் தெருவின் ஆள். அங்கே உறவு அழைக்கிறது, இங்கே தெரு அழுகிறது. தெரு அழுவதில் கொஞ்சம் காட்டிக்கொள்ளலும் கலந்திருக்கும். யார் பெயர் முதலில், யார் படம் மூலையில் என்ற கணக்கு சாவிலும் உண்டு. தமிழகச் சுவர் உயிரோடு இருப்பவர்களுக்கும் சொந்தமாயிற்றே. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனர்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு நிலைக்கவில்லை. தலைவரின் பிறந்தநாளும் மஞ்சள் நீராட்டும் காதுகுத்தும் போட்டியிடும் சுவரில் ரேடியோக்காரருக்குக் கிடைப்பது சில நாள் இடம். மழை பெய்தால் அதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எழுத்து வேலை உண்மையில் தொடங்குவதே அறிவித்தலுக்குப் பிறகுதான். 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற சடங்குகள் முடிந்து மதிய போசனத்துக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது பழைய பெயர். நினைவு மலர் என்றும் இப்போது சொல்கிறார்கள். முகப்பில் படம். அடுத்து திதி வெண்பா: இறந்த தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் ஒரே செய்யுளில் அடங்கியிருக்கும். திவசம் திதிப்படி வருவதால், அடுத்த தலைமுறை அந்த நாலடியை வைத்தே நாள் கணிக்கலாம். பிறகு தேவாரம், திருவாசகம். பிறகு குலமரபும் வாழ்க்கை வரலாறும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். வம்சாவளி அட்டவணை, கடைசியில் நன்றி நவிலல். சில குடும்பங்கள் ஒரு நீதி நூலையோ தோத்திரத் திரட்டையோ சேர்த்து அச்சிட்டுவிடும். மலரை யாரும் தூக்கி எறியக்கூடாதே என்ற முன்யோசனை.

இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் இது பொது வழக்கம் அல்ல. மலையகத் தோட்டங்களில் 16ஆம் நாள் கருமாதி தமிழகத்தை ஒட்டியே நடக்கும். கல்வெட்டு அடிக்கக் காசு வேண்டும், எழுதிக் கொடுக்கப் புலவரோ ஆசிரியரோ வேண்டும் என்பதால் யாழ்ப்பாணத்திலும் எல்லா வீட்டுக்கும் அது வாய்க்கவில்லை. இருந்தும் போர்க்காலத்தில் இந்த மெலிந்த புத்தகம் பெரிய வேலை செய்தது. 1995 இடப்பெயர்வில் உடுத்த துணியோடு வெளியேறியவர்களுக்கு, தாத்தாவின் படமும் பூட்டனின் பெயரும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினர் வீட்டுக் கல்வெட்டிலிருந்தே திரும்பக் கிடைத்திருக்கின்றன. பல வீடுகளுக்குப் பிரதி போயிருந்ததால் ஒரு வீடு எரிந்தாலும் குடும்பக் கதை எரியவில்லை. இன்று ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இந்த மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடான அச்சு வழக்கம் பரவலாக இல்லை. கருமாதிப் பத்திரிகை உண்டு. அது நாளையும் இடத்தையும் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்வது வாய்தான். ஒப்பாரி வைக்கும் பெண்கள், அவர் உட்கார்ந்த நாற்காலி முதல் கடைச் சாவி வரை பெயர் சொல்லி அழுவார்கள். யாழ்ப்பாணத்திலும் ஒப்பாரி இருந்தது. ஆனால் கல்வெட்டில் ‘மனைவி புலம்பல்’ என்று அச்சேறுவது பெரும்பாலும் ஒரு புலவர் அவளுக்காகக் கட்டிக் கொடுத்த செய்யுள். தமிழகத்தில் அவள் சொன்னது காற்றோடு போகிறது. யாழ்ப்பாணத்தில் நிலைப்பது அவள் சொல்லாதது.

சுயமரியாதை இயக்கக் குடும்பங்கள் சடங்கை விட்டுப் படத்திறப்பு நடத்துவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று அந்த இயக்கத்துக்கு வெளியிலும் அது பரவியிருக்கிறது. நண்பர்கள் ஒலிபெருக்கி முன் நின்று இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். கூடவே தொழில் பார்த்தவர் பேச வாய்ப்புள்ள ஒரே மேடை அதுதான். பேச்சு முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

ஆக, இரு கரையிலும் ஒன்று விடுபடுகிறது: வேலை. கல்வெட்டு அவரைத் தெய்வ பக்தர், விருந்தோம்பி, நேர்மையாளர் என்று சொல்லும். அதே சொற்கள் பக்கத்து வீட்டுப் பள்ளி அதிபரின் கல்வெட்டிலும் இருக்கும். சுவரொட்டி ‘ரேடியோ’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். பேசாத பெட்டி ஒன்று மேசைக்கு வந்தால் அவர் என்ன செய்தார்? பின்மூடியைக் கழற்றி, வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் திருப்புளி முனையை வைத்து, அதன் உலோகத்தை விரலால் தொடுவார். ஸ்பீக்கர் ‘கொர்’ரென்று உறுமினால் அதற்குப் பின்னால் உள்ள ஆடியோ பகுதி நல்லது, கோளாறு முன்னால். ஒரே தொடலில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். மீட்டர் இல்லாத கடையிலும் நடந்த பரிசோதனை இது. தமிழகத்தில் வாடிக்கையாளரின் பரிசோதனை வேறு. இலங்கை வானொலியை மனதில் வைத்துக் கேட்பார்: ‘சிலோன் எடுக்குதா?’

1990இல் போரால் மின்சாரம் நின்ற யாழ்ப்பாணத்தில் பேட்டரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவில்தான் ரேடியோ பாடியது. அந்த டைனமோ தருவது 6 வோல்ட் மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்க நாலு டயோடு வேண்டும். இரைச்சலை அடக்க ஒரு கண்டன்சர் வேண்டும். பெட்டிக்கு ஏற்ப அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மிதிக்க, ஊர் சுற்றி நின்று பிபிசி தமிழோசை கேட்டது. அதைப் பொருத்திக் கொடுத்தவரின் கல்வெட்டில் ‘ஊருக்கு உதவியவர்’ என்றுதான் இருக்கும். எப்படி உதவினார் என்று சொல்ல ஒரு பத்தி போதும். வெண்பா கட்டுவதை விட அது சுலபம்.

இரு வழக்கமும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கலாம். கல்வெட்டு, பிள்ளைகள் புலம்பலுக்குப் பக்கத்தில், கடையில் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்ட பையனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம். தமிழகத்தில் ஃப்ளெக்ஸுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, படத்திறப்பில் பேசியதை எட்டுப் பக்கமாக அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுக்கலாம். குடும்பம் எழுதினால் நல்ல அப்பா கிடைப்பார். தெரு எழுதினால் நல்ல மனிதர் கிடைப்பார். தொழில்காரரைத் தெரிந்தவர்கள், உடன் வேலை செய்தவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும்தான். அவர்களைக் கேட்டு எழுதப் பதினாறு நாளும் போதும், முப்பத்தொரு நாளும் போதும்.