ஒன்றேகால் அங்குலத்தின் விலை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடத்தைப் பார்த்தவர்களுக்கு ஜீப்காரர்களின் கவலை எதைப் பற்றியது என்று தெரியும். அங்குள்ள தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ கேரளப் பக்கமிருந்து. சாலை என்று சொல்ல அங்கே அதிகமில்லை, பாறையும் குழியும்தான். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் அடிவாங்குவது அச்சின் நடுவே புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல். பாறையில் அது ஒருமுறை ‘ணங்’கென்று மோதினால் போதும், அன்று இரவே பெரிய டயர் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும்.

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. வில்பட்டைகளைக் கூட்டலாம், ஷேக்கிளை நீளமாக்கலாம், பாடிக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கலாம். இவை எல்லாம் உயர்த்துவது சேஸையோ அதற்கு மேலிருப்பவற்றையோதான். அச்சு டயரின் மேல் நிற்கிறது. டயர் உயராமல் அது ஒரு நூல்கூட உயராது. ஆகவே பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் போடுவதை வெறும் பந்தா என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் பெரியது என்ற கேள்விகளைக் கேட்காமலேயே பெரும்பாலானோர் கடைக்குப் போகிறார்கள். உயரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அகலத்துக்கு அதில் பாதிகூடக் கிடையாது என்பது என் கட்சி.

கணக்கைப் பார்ப்போம். வில்லிஸ் வழிவந்து மகிந்திரா நம் ஊரில் நெடுங்காலம் தயாரித்த சிஜே3பி ஜீப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு உரிய 6.00-16 டயரின் உயரம் சுமார் 28.5 அங்குலம். ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது பத்தரை அங்குல அகலமுள்ள 31 அங்குல டயர். வித்தியாசம் இரண்டரை அங்குலம். டயரின் மையம் பாதிதான் உயரும் என்பதால் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்கும் லாபம் ஒன்றேகால் அங்குலம். பாறைத் தடத்தில் இது அற்பமில்லை. நேற்று உரசிய கல்லை இன்று உரசாமல் தாண்டலாம். பெரிய சக்கரம் குழிக்குள் குறைவாக இறங்கும், படிபோன்ற பாறையில் சுலபமாக ஏறும். இது உபரி லாபம்.

இனி செலவுப் பக்கம். சிஜே3பியின் கிரவுன் பினியன் விகிதம் 5.38. முதல் கியர் 2.798, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நடந்து போகும் வேகத்தைவிட மெதுவாக, கிளட்சில் கால் வைக்காமல், ஜீப் பாறையில் ஊர்ந்து ஏறுவதன் ரகசியம் இந்த எண்தான். 31 அங்குல டயர் போட்டால் அது 34 இருந்ததுபோல் ஆகிவிடும். 33 அங்குலம் போட்டால் 32. கியர் பாக்ஸில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் வண்டி பழைய மெதுவை மறந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், ஓட்டுநரின் கால் கிளட்சைத் தேடும், கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட் கருகிய வாடை வரும்.

சமவெளியில் இதே மாற்றம் இனிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 5.38 விகிதத்தில் நெடுஞ்சாலையில் 70-ல் போனால் பழைய ஜீப் அலறும். டயர் பெரிதானால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று குறையும், காதும் தப்பிக்கும். ஸ்பீடோமீட்டர் மட்டும் பொய் சொல்லும்: முள் 60 காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும்.

பலர் யோசிக்காதது இறக்கத்தைத்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பழைய ஜீப்பைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு: எஞ்சினின் இழுவை, ஒன்பது அங்குல டிரம் பிரேக். கியர் விகிதம் நீர்த்துப்போனதால் எஞ்சின் பிடிப்பு முதலிலேயே குறைந்துவிட்டது. பிரேக்கோ அதே டிரம், அதே லைனிங். சக்கரம் மட்டும் பெரிது. டிரம் கொடுக்கும் திருகுவிசை மாறாதபோது டயர் தரையைப் பிடிக்கும் விசை, 31 அங்குலத்துக்கு எட்டு சதவீதமும் 33-க்குப் பதினான்கு சதவீதமும் குறையும். பெரிய டயரின் எடையைச் சுழலவிடாமல் நிறுத்துவதும் அந்த டிரம்மின் வேலைதான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். ஏறும்போது கிடைத்த ஒன்றேகால் அங்குலத்துக்கான வட்டியை இறங்கும்போது கட்டுகிறோம். டயருக்குக் காசு ஒதுக்குகிறவர் லைனிங், வீல் சிலிண்டர், டிரம் கடைசல் மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்கவில்லையென்றால் அந்த ஜீப்பில் நான் பின் சீட்டில்கூட உட்கார மாட்டேன்.

அடுத்தது உடைசல். பழைய ஒல்லி டயரின் மீது சொல்லப்படும் பெரிய புகார், அது வழுக்குகிறது என்பது. அந்த வழுக்கல்தான் இத்தனை காலம் உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை. சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்போது ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். ஒல்லி டயர் சுற்றும், புகை வரும், அவ்வளவுதான். முரட்டுப் பூ கொண்ட அகல டயர் விடாது. அது விடாவிட்டால் வேறெது விட வேண்டும்? முன் அச்சின் யுனிவர்சல் ஜாயின்ட், பின் அச்சின் ஷாஃப்ட், கிரவுன் பினியனின் பல் என்று வரிசையில் எது பலவீனமோ அது. பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டலாம். பினியன் பல் போனால் மலையிலிருந்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். மணலுக்கும் பனிக்கும் அகல டயர் நல்லது, எடையைப் பரப்பி மிதக்கவிடும். நம் மலைத்தடங்களில் இருப்பது கல்லும், மழை பெய்தால் அதன் மேல் ஒரு விரற்கடைச் சேறும். ஒல்லி டயர் அந்தச் சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே நழுவும். கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளைக் கவனித்தால் அவற்றில் பெரும்பாலானவை அடக்கமான அகலமுள்ள டயரோடு ஓடுவது தெரியும். தினமும் ஏறி இறங்குகிற அவர்கள் டயர் விளம்பரம் பார்த்து முடிவெடுப்பதில்லை. டொயோட்டாவின் 70 வரிசை லேண்ட் க்ரூஸரும் பாலைவனம் முதல் காடுவரை பல ஆண்டுகள் 7.50-16 என்ற உயரமான ஒல்லி டயரில்தான் உழைத்தது. பிடிப்பு போதாவிட்டால் தடம் தொடங்கும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் போதும். டயர் தரையில் படியும் நீளம் கூடும். செலவில்லாத இந்த வைத்தியத்தைச் செய்து பார்க்காமல் டயர் மாற்றுகிறவர்களே அதிகம். மீண்டும் தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும், அது வேறு.

அகல டயருக்கு அகல ரிம் வேண்டும். ரிம் வெளியே தள்ளி நிற்கும். அது போதாதென்று ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வேறு. சக்கரம் வெளியே போகப்போக வீல் பேரிங்குக்கு நெம்புகோல் நீளமாகிறது, கல்லில் மோதும் ஒவ்வோர் இடியும் ஸ்டியரிங்கில் வந்து கட்டை விரலைத் திருகுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதை மறக்க வேண்டாம். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் புறமும் ஆட்ட வேண்டும். ‘டொக் டொக்’கென்று ஆடினால் வீல் பேரிங்கோ கிங்பின்னோ தேய்ந்திருக்கிறது. பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஆட்டினால் பேரிங் ஆட்டம் நின்றுவிடும். அப்போதும் ஆடினால் கிங்பின். அதைச் சரிசெய்யாமல் மாட்டிய பெரிய டயர் 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தையே உதற ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்க்க வேண்டும்: டயரின் தோள் வில்பட்டையில் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தால், இடம் போதவில்லை என்று பொருள். (ஆரம்ப கால வில்லிஸ்களில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். தெரியாமல் குழாயைச் சொருகி நெம்பி ஸ்டட்டை முறித்த பஞ்சர் கடைகளுக்கு அனுதாபங்கள்.)

பெரிய டயர் மாற்றத்தை முழுமையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஐஸ்லாந்தில் பனியாற்றின் மேல் ஓட்ட 38 அங்குலம், 44 அங்குல டயர்கள் போடுகிறார்கள், காற்றை மூன்று நான்கு பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள். அங்கே பனியில் மிதக்காத வண்டி புதையும். அகலம் தேவையிலிருந்து வந்தது. அதற்கேற்ப மட்கார்டை வெட்டுகிறார்கள், கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றுகிறார்கள். நம் ஊரில் டயர் மட்டும் வருகிறது, மற்ற வேலைகள் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ கணக்கில் போய்விடுகின்றன.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி. புக்கின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றது. எஃப்சிக்குப் போகும்போது பழைய டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவது இதன் விளைவு. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற வண்டி வேறு, மலையில் ஓடுகிற வண்டி வேறு. பிரேக்கையும் சேர்த்து முறையாக வலுப்படுத்தியவரையும், ஸ்பேசர் போட்டு டயரை வெளியே தள்ளியவரையும் ஒரே தட்டில் வைப்பது இந்த ஏற்பாட்டின் குறை. சோதித்துப் பார்த்துப் பதிவு செய்துகொள்ள ஒரு வழியிருந்தால் இரவல் டயருக்கு வேலையிருக்காது. இப்போதைக்குச் சாலையில் ஓடும் வண்டிக்கு விதி விதிதான். இன்ஷூரன்ஸ்காரரும் விபத்துக்குப் பிறகுதான் டயரை அளந்து பார்ப்பார்.

தனியார் தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு என்னைக் கேட்டால், 7.00-16 போதும். உயரம் சுமார் முப்பதரை அங்குலம். டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஓர் அங்குலம் கூடும். ஊர்ந்து ஏறும் விகிதம் 37-லிருந்து 34.5 அளவில் நின்றுவிடும். சிறிய சரக்கு வண்டிகளுக்கான அளவு என்பதால் கிடைப்பதும் கடினமில்லை. பழைய நாலரை அங்குல ரிம் அதற்குக் குறுகல். ஐந்தரை அங்குல ரிம் பார்க்க வேண்டும். வாங்கும்போது ஐந்தாக வாங்க வேண்டும். ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு, பஞ்சரான இடத்தில் அதை மாட்டி ஃபோர் வீலில் போட்டு இழுத்தால், முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு தூரம் சுற்ற முயன்று ட்ரான்ஸ்ஃபர் கேஸை நடுவில் வைத்து முறுக்கும். லீவரை விடுவிக்கவே முடியாமல் இறுகிப் போன பிறகு, ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போய்த்தான் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். மலைத்தடத்தில் ரிவர்ஸ் போக இடம் இருந்தால்.