கடற்பாலம் தாண்டும் இருமுடி

மார்சிலிங்கில் எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், சில வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கச்சேரி நடக்கும். வித்துவான் ஒருவர், ரசிகன் ஒருவன். வித்துவானை அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். மறுநாள் செப்பாங் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஆசைக்கு ஓட்டப்போகிறவர். கச்சேரி என்பது அவர் டிக்கியில் சாமான் அடுக்குவது. அவர் வளைவில் திரும்பும் அழகைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் ஆசைக்கு ஓட்டத் தடம் ஏது? 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது. 2008இல் மரினா பேயில் மறுபடி வந்தது, அதுவும் நகரத் தெருக்களை அடைத்து. அது வேடிக்கை பார்க்க. ஓட்ட வேண்டுமென்றால் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போக வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து செப்பாங் சுமார் 300 கிலோமீட்டர். 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட தடத்தில் நாளெல்லாம் அடிபட்ட அதே கார்தான் இரவு வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காரை லாரியில் ஏற்றிப்போகிறவர் பட்டறையையே தூக்கிப்போகலாம். ஓட்டிப்போகிறவருக்கு டிக்கி அளவுதான் பட்டறை.

அண்ணன் அடுக்குவதற்கு முன் இறக்குவார். கால்மிதி, குடை, சில்லறைக் காசு, டிஷ்யூ பாக்கெட். வேகத்தில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போகக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. கடைசியாக டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் பசை விடுவித்து எடுத்து மஞ்சள் துணியில் சுற்றுவார். விக்னம் தீர்ப்பவரே விக்னமாகிவிடக் கூடாதல்லவா?

பிறகு டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்பேர் டயர்ப் பள்ளத்திலிருந்து இழுவைக் கொக்கியை எடுத்து வெளியே வைப்பார். கார் தடத்தில் நின்றுபோனால் அதில்தான் கயிறு மாட்டி இழுப்பார்கள். பலர் அதன்மேலேயே அத்தனை மூட்டையையும் ஏற்றிவிட்டு, காலையில் தடத்தருகே எல்லாவற்றையும் தரையில் பரப்பித் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அடுக்கு. சபரிமலைக்குக் கட்டும் இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி ஆளுக்கு. அண்ணனின் டிக்கியும் அப்படித்தான்: இடப்பக்கம் காருக்கு, வலப்பக்கம் மனிதனுக்கு. எலுமிச்சைச் சாதமும் பிரேக் ஆயிலும் ஒருபோதும் ஒரே பையில் போகா.

காருக்கான பக்கத்தில் அடியில் தார்ப்பாய், அதன்மேல் ஜாக்கி, ஒரு கனத்த பலகை, இரண்டு மரக்கட்டைகள். பலகை எதற்கு? உச்சி வெயிலில் இளகிய தாரில் ஜாக்கியின் கால் புதையும். மரக்கட்டை இன்னும் நுட்பம். கடும் ஓட்டம் முடிந்து வந்து நிற்கும் காரில் கைப்பிரேக்கைப் போடக்கூடாது. கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்வி நின்றால் இரண்டுக்கும் கேடு. சக்கரத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குவார். யாரோ தூக்கிப்போட்ட கட்டிலின் கால்கள் அவை.

கருவிப்பை துணிச்சுருள். சந்தனப்பேழைபோல் நுரையில் குழி வெட்டிய பளபளக்கும் பெட்டிகளை வாங்கிவருகிறவர்கள் உண்டு. அழகுதான், ஆனால் அதில் பாதிக் கருவிக்கு அன்று வேலை வராது. அண்ணனின் விதி எனக்கு மனப்பாடம்: அன்றைக்கே திரும்பச் சேர்க்க முடியாததைப் பிரிக்கும் கருவி வேண்டாம். ஆகவே சில ஸ்பேனர்கள், ஒரு சாக்கெட் செட் (2017 ஜூலையில் மூடப்படும் முன் சுங்கை ரோடு சந்தையில் பேரம் பேசி வாங்கியது), கேபிள் டை, ஒட்டுப்பட்டை, கையுறை. ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை: நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச். அவர் காரின் வீல் நட்டுக்கு 108 நியூட்டன்மீட்டர். டக்கென்று ஒரு சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும், அதற்குமேல் ஒரு நெம்பு கிடையாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கித்தான் வைப்பார், உள்ளிருக்கும் ஸ்பிரிங் இறுக்கத்திலேயே கிடக்கக் கூடாதென்று. வீணையின் தந்தியைத் தளர்த்தி வைப்பவரின் முகம் அப்போது.

பிரேக் ஆயில் எப்போதும் முத்திரை உடைக்காத சிறு புட்டி. திறந்து வைத்த பெரிய டப்பா மலிவு, ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். உள்ளே ஆவிக் குமிழி வந்தால் பெடல் பஞ்சாகிவிடும். கூடவே ஒரு முழம் உள்ளே தெரியும் குழாயும், பழைய எண்ணெயைப் பிடிக்கக் காலி 100 பிளஸ் போத்தலும். வளைய ஸ்பேனர் ஏற்கெனவே குழாயில் கோத்தபடி இருக்கும். பிரேக்கில் எண்ணெய் வடிக்கும் நிப்பிளில் ஸ்பேனர் முதலில், குழாய் பிறகு. வரிசை மாறினால் குழாயைக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். அப்படிக் கோத்திருந்ததைப் பார்த்த அன்றுதான் நான் ரசிகனானேன்.

மனிதனுக்கான பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்: ஹெல்மெட், நிறையத் தண்ணீர், துண்டு, மாற்றுச் சட்டை. பிற்பகலில் இடி மழை பிடித்தால் உலர்ந்த காலணி.

எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்ததும் கைக்கு வரும்படி, காற்று பம்ப். போகும்போது அதற்கு வேலையே இல்லை. தடத்தில் ஓடி ஓடி டயர் சூடேறும். ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் அழுத்தம் கூடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிக்கொண்டே இருப்பார்கள். மாலையில் டயர் ஆறியதும் அழுத்தம் தொளதொளவென்று கீழே போயிருக்கும், எதிரே 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. களைத்த ஆள் அப்போது டிக்கிக்குள் குனிந்து துழாவமாட்டார், அப்படியே கிளம்பிவிடுவார். அதனால்தான் அது மேலே.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். சாயங்காலம் நான்கு டயருக்கும் பம்ப் பாடி முடித்தது. அண்ணன் மரக்கட்டைகளை உருவி எடுத்துத் தட்டினார், போத்தலில் டீ நிறத்தில் இருந்த பழைய பிரேக் ஆயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூடியை இறுக்கினார். பிறகு மஞ்சள் துணியைப் பிரித்தார்.