வாசலுக்கு ஒரு பூ, வாணலிக்கு ஒரு பூ

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு அலாரமே தேவையில்லை. நாலரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். முகத்தைக் கழுவின கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். முந்தின நாள் சாயங்காலம் மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்ற பூசணி மொட்டெல்லாம் அந்த நேரத்தில்தான் மெல்ல அவிழும். அஞ்சு இதழும் விரிந்து, விளிம்பில் பனி உட்கார்ந்து, உள்ளே மகரந்தம் பொடிப்பொடியாகக் கொட்டிக் கிடக்கும். அந்த மஞ்சளை என்னவென்று சொல்வேன்! பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் ஒவ்வொரு விடிகாலையும் முதல்தடவை பார்ப்பதுபோல நெஞ்சு நிறைந்து போகிறது.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டை ஒட்டிய ஒரு தெருவில். மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி எங்கள் ஊர். அப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிந்து ஆந்திரா வந்துவிடும். இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள், ராத்திரி பகல் பாராமல் லாரிகள், ஷிஃப்ட் மாறும் நேரத்துச் சைரன். "அந்தத் தூசிக்குள்ள என்னத்தடி தோட்டம் போடப் போற?" என்று ஊரில் பெரியம்மா கேட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பெரியம்மா ஒரு பொங்கலுக்கு வந்து, மாடியில் ஏறி, பந்தலைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் கீழே இறங்கவில்லை.

முதலில் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பூசணி என்றால் மஞ்சள் பூசணி. சாம்பல் பூத்த பெரிய காய்க்குத் தடியங்காய் என்று பெயர். இங்கே வந்தால் அந்தத் தடியங்காய்தான் பூசணிக்காய், நம்முடைய பூசணி பரங்கிக்காய் ஆகிவிடுகிறது. கோலத்தில் வைக்கிற பூ பரங்கிக் கொடியில் பூப்பது. பெயர் எதுவானாலும் மார்கழி வாசலுக்கு அதுதான் மகாராணி.

இந்தப் பூவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ நீளமான மெல்லிய காம்பில் தனியாக நிற்கும். பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு தெரியும். கொடி முதலில் விடுவதெல்லாம் ஆண் பூ. பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். அதனால் பறிப்பது எப்போதும் ஆண் பூவைத்தான். ஒன்றிரண்டை மட்டும் கொடியிலேயே விட்டுவைத்து, விடிகாலையில் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுவேன். ஆலைகள் நிறைந்த ஊரில் தேனீ வரத்துக் கொஞ்சம் குறைச்சல். அந்த வேலையை என் விரல் செய்கிறது. தொட்டுவிட்ட பூவின் பிஞ்சு மூன்றாம் நாள் பருக்கத் தொடங்குவதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

பறித்த பூவோடு கீழே வந்தால் வாசல் தெளிப்பு. ஊடுபுள்ளி பதினைந்துக்கு எட்டு, அது என் கைக்கு வந்த கணக்கு. பச்சரிசி மாவில்தான் இழுப்பேன். கல்மாவு பளிச்சென்று விழும் என்றாலும் எறும்புக்கு அதில் என்ன கிடைக்கும்? சுற்றிலும் செம்மண் இட்டு, பால்காரர் கொண்டுவந்து தரும் சாணத்தைப் பிடித்து வைத்து, அதன் தலையில் பூவைச் செருகினால் தெருவே விளக்கு ஏற்றினது மாதிரி ஆகிவிடும். வண்ணம் வேண்டுமென்றால் அதற்கும் மாடியேதான். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலம் இறக்கி மாவில் பிசறி நிழலில் காயவைப்பேன். அதே நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் கத்தரிப்பூ நிறம். மஞ்சள் பொடியில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு குழைத்தால் செக்கச்செவேலென்று சிவப்பு. என் மகள் இதைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கே கொண்டுபோனாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரை எழுதவே காரணம்.

பக்கத்து வீட்டுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவருக்கு ஆலையில் வேலை. அந்தப் பெண்ணுக்கு அப்போது தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை அவள் வாசலைப் பார்த்து நின்றுவிட்டேன். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை விரலால் தொட்டு, சின்னச் சின்னதாக லட்சுமி பாதம், நடுவில் நெற்கதிர்க் கொத்து. அச்சு அசல் நம் வீட்டு மாக்கோலம்! அதை அவர்கள் ஜோட்டி என்கிறார்கள். மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் லட்சுமிக்குச் செய்யும் பூஜை. சில வருஷம் அது நம் மார்கழியையும் எட்டித் தொடும். மாணா என்ற அளவைப் பாத்திரத்தில் புதுநெல்லை நிரப்பி வைத்துக் கும்பிடுகிறார்கள். நம் நிறைநாழியேதான்! பலராம தாசர் எழுதிய லட்சுமி புராணத்தை அன்று வாசிப்பார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட ஸ்ரீயா என்ற பெண்ணின் சுத்தமான வாசலைப் பார்த்து லட்சுமி அவள் வீட்டுக்குள் போன கதை அது. அவள் அரைகுறைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த வருஷம் மார்கழியில் என் வாசலில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அக்கா, இத நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

கொடியில் மிச்சமிருந்த ஆண் பூக்கள் பத்தைப் பறித்துக் கொடுத்தேன். என் அடுக்களையிலேயே செய்து காட்டினாள். பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லிதழ்களைக் கிள்ளி, உள்ளே இருக்கும் மகரந்தத் தண்டை முறித்து எடுத்து, தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றினாள். ஊறின பச்சரிசியோடு பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய், துளி மஞ்சள் வைத்து அரைத்தாள். மாவு ரொம்ப நீர்க்கவும் கூடாது, இட்லி மாவு பதத்துக்குக் கெட்டியாகவும் கூடாது. பூவை நனைத்துத் தூக்கினால் இதழின் நரம்பு லேசாகத் தெரிய வேண்டும். தோசைக்கல்லில் கடுகெண்ணெய் ஊற்றிப் புகைந்து அடங்கியதும் நனைத்த பூக்களை வரிசையாகப் படுக்க வைத்து, ஒருபக்கம் பொன்னிறமானதும் திருப்பினாள். வாயில் வைத்தேன். வெளியே மொறுமொறு, உள்ளே பட்டுப்போல ஒரு மென்மை, கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு. முப்பது வருஷம் இந்தப் பூவைக் கையில் வைத்திருந்தும் இந்த ருசி தெரியாமல் இருந்திருக்கிறேன்! ஜோட்டிக்கு அரைத்த அரிசியும் பூவுக்கு அரைத்த அரிசியும் ஒரே படியில் அளந்தது.

இப்போது எங்கள் வீட்டில் கடுகெண்ணெய் இல்லாத நாளில் நல்லெண்ணெயில், வாணலியில் பொரிக்கிறேன். அதுவும் பிரமாதம். கொடி விளையும் நாள்களில் எண்ணிப் பறிக்கிறேன்: இத்தனை வாசலுக்கு, இத்தனை வாணலிக்கு.

எதிர்வீடு தெலுங்குக் குடும்பம். சூளூர்பேட்டைப் பக்கம் அவர்களுக்குச் சொந்த ஊர். சங்கராந்தியை ஒட்டி அவர்கள் வாசலில் முக்குலு, அதன் நடுவில் கொப்பெம்மா. சாணத்தைப் பிடித்து அதே பரங்கிப் பூவைச் சூட்டுகிறார்கள்! அந்த வீட்டு அத்தை கொடுத்த விதையில்தான் என் மாடியில் புளிச்சக்கீரை வந்தது. கோங்கூரா பச்சடிக்குக் கீரையைத் தண்ணீர் சேர்க்காமல் எண்ணெயில் சுருள வதக்க வேண்டும் என்பது அவர் கற்றுக்கொடுத்த பாடம். ஒரே தெரு, மூன்று பாஷை, மூன்று வாசலிலும் அரிசி மாவு. தொழிற்பேட்டை என்றால் புகையும் இரும்பும்தான் என்று சொல்கிறவர்களை இந்தத் தெருவுக்கு ஒரு மார்கழி காலையில் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு ஆசை.

கார்த்திகைக்கு வேறு கதை, அதன் நாயகி பனை. திருவள்ளூர் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. பழவேற்காட்டில் இஸ்லாமியப் பெண்கள் ஓலையில் பின்னுகிற பெட்டிகளையும் சாயம் ஏற்றிய கிலுகிலுப்பைகளையும் பார்த்திருக்கிறீர்களா? ஒரு அரிசிப் பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரியாகப் பொருந்தும். அவ்வளவு நேர்த்தியான கை. அங்கே ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கிளியும் மீனும் மடிக்கக் கற்றுக்கொண்டேன். குருத்தோலையைக் கத்தியால் ஒரே அகலத்தில் வகிர்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வெடிக்காமல் மடியும். கார்த்திகை தீபத்தன்று எங்கள் நிலைப்படியில் மாவிலைக்கு நடுநடுவே ஓலைக்கிளி ஆடும்.

தோரணத்துக்குப் போக மிஞ்சின குருத்தோலை அடுப்புக்குப் போகிறது, ஓலைக் கொழுக்கட்டையாக. இது எங்கள் தென்மாவட்டத்துச் சீதனம். வறுத்த அரிசி மாவு, கருப்பட்டி, வேகவைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய். நான் சேர்ப்பது சிவப்பரிசி மாவு. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 9 கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. பிசைந்த மாவை ஓலைக்குள் வைத்து மூடி, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வைத்தால், பத்தே நிமிஷத்தில் பச்சை ஓலையும் கருப்பட்டியும் கலந்து ஒரு வாசம் எழும்பும். அந்த வாசத்துக்கு மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

தோட்டம் போட நினைக்கிறவர்களுக்கு, குறிப்பாக என்னைப்போல ஆலைகளுக்கு நடுவில் இருப்பவர்களுக்கு, ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பீப்பாய் வாங்கும்போது ஜாக்கிரதை. ஆரம்பத்தில் காயலான் கடை ஒன்றில் சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு நீலப் பீப்பாய் வாங்கி, நாலு தடவை கழுவித்தான் கீரை விதைத்தேன். முளைத்த கீரை ஒரே வாரத்தில் கருகியது. உள்ளே ஏதோ ரசாயனம் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எண்ணெய், ஊறுகாய் மாதிரி சாப்பிடும் பொருள் வந்த பாத்திரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே தொடுவேன். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை கிடைத்தால் விடாதீர்கள். வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்து வரும். இலையில் தூசி படிந்தால் வாரம் இரண்டு தடவை பூவாளியால் குளிப்பாட்டுங்கள். பழவேற்காட்டு மீன் வாங்கும் நாளில் கழிவைக் கொட்டாமல் சம எடை வெல்லத்தோடு பிசைந்து மூடி வைத்தால், மூன்று நாலு வாரத்தில் தேன்போல மீன் அமிலம் இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அஞ்சு மில்லி போதும், கொடி மதமதவென்று கிளம்பும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பந்தல் சரிந்து கொடி முறிந்துவிட்டது. அழுகையே வந்தது. ஆனால் பூசணிக்குக் கணுவுக்குக் கணு வேர்விடும் குணம் உண்டு. மண்ணில் பட்டிருந்த ஒரு கணுவை மூடிவிட்டேன். தை பிறந்தபோது அதில் பூ இருந்தது!

பொங்கலுக்குப் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தும் மாடியில் விளைந்ததுதான். சித்திரையில் ஊன்றிய கிழங்கு தையில் தயார். பானைக்குக் கட்டியது போக மீதி இலையில் கொழுக்கட்டை மாவை வைத்து அவிப்பேன். பந்தலிலிருந்து இறக்கிய முதல் பரங்கிக்காய் அன்றைய குழம்பில் குழைந்து நிற்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு வருவது எனக்கும் மகளுக்கும் ரொம்பப் பிடித்த நாள், சிறுவீட்டுப் பொங்கல். இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. மார்கழி முழுக்க வாசலில் பூ வைத்த சாணத்தை வறட்டியாகத் தட்டிக் காயவைப்போம். பெண்பிள்ளைகள் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டுவார்கள். வாசல், அடுக்களை, திண்ணை எல்லாம் உண்டு. அதற்குக் கோலம், தோரணம். அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்கல் வைத்து, காய்ந்த பூ ஒட்டிய வறட்டிகளை நீரில் விடுவோம். போன வருஷம் எங்கள் மாடியில் கட்டிய சிறுவீட்டுக்கு என் மகள் பழவேற்காட்டு ஓலையில் கூரை வேய்ந்தாள். ஒடியாக்காரியின் மகள் திண்ணையில் லட்சுமி பாதம் வரைந்தாள். எதிர்வீட்டுப் பேத்தி கொலுவிலிருந்து இரண்டு பொம்மையைத் தூக்கிவந்து குடிவைத்தாள். சொந்த வீடு வேண்டிச் சிறுவாபுரி முருகனிடம் செவ்வாய்க்கிழமை தோறும் போகிற எதிர்வீட்டு அத்தை அந்த மண்வீட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றார்.

மார்கழிக்குப் பூ வேண்டுமென்றால் ஐப்பசிக் கடைசிக்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். பெரிய தொட்டி ஒன்று, விரல்கணு ஆழத்தில் இரண்டு விதை, ஒரு வாரத்துக்குள் முளை வரும். இந்த ஐப்பசியில் நீங்களும் போடுங்கள். முதல் பத்துப் பூவில் அஞ்சை வாசலுக்கு வையுங்கள், அஞ்சை அரிசி மாவில் நனைத்துப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.