விங் கமாண்டர் ஜார்ஜும் கெடாத் தோட்டத்து வாசகரும்

சுங்கைப் பட்டாணியில் தமிழாசிரியர் சிலருடன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, இளமையில் அவர்களை ஈர்த்த கதைநாயகன் யார் என வினவினோம். பெரும்பாலோர் தயக்கமின்றி இரும்புக்கை மாயாவி என்றனர். ஓரிருவர் மட்டும் சற்றே கூச்சத்துடன் விங் கமாண்டர் ஜார்ஜைக் குறிப்பிட்டனர். அக்கூச்சமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. மாயாவிக்கு மறைந்துபோகும் ஆற்றல் உண்டு. ஜார்ஜுக்கோ அத்தகைய ஆற்றல் எதுவுமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விமானம் ஓட்டுவது. அவ்வாறிருந்தும் இலயத்துத் திண்ணையில் அமர்ந்து படித்த சிறுவனின் நெஞ்சில் அவர் நிலைத்து நின்றது ஏன்?

ஜார்ஜ் தமிழ்ப் படைப்பு அன்று. அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ராபின்ஸ் 1944ஆம் ஆண்டு தொடங்கி 1977 வரை நாளிதழ்த் தொடராக வரைந்த ஜானி ஹசார்ட் என்னும் விமானியே, 1972இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் வழி ஜார்ஜாக மறுபிறவி எடுத்தார். இப்பெயர் மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. விங் கமாண்டர் என்பது அமெரிக்க வான்படைப் பதவியன்று. பிரித்தானிய, இந்திய வான்படைகளுக்கு உரியது. ஜார்ஜ் என்பதோ தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இயல்பாக வழங்கும் பெயர். பதிப்பாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது நமக்கு முக்கியமன்று. விளைவு ஒன்றே: அயல்நாட்டு விமானி, பக்கத்து ஊர்ப் பாளையத்திலிருந்து விடுப்பில் வந்தவர்போல் ஆகிவிட்டார்.

தோட்டப்புற வாசகரின் சாகச நாட்டத்தைத் 'தப்பித்தல்' என ஒற்றைச் சொல்லில் விளக்குவது திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. இரப்பர் நிரைகளுக்குள் அடைபட்டவன் வானத்தை விரும்புவான் என்பது அவ்விளக்கம். நமக்கு இதில் உடன்பாடில்லை. தப்பித்தலே நோக்கமெனில் மாயாவியே போதும். வேதாளரும் மாண்ட்ரேக்கும் இன்னும் சிறப்பு. விமானிக் கதை தருவது வேறொன்று. அது தொழில் தெரிந்தவனின் கதை.

பால்மரம் வெட்டுவது எளிய வேலையன்று. உளி சற்று ஆழமாகப் பதிந்தால் மரம் காயப்பட்டுக் கணுக்கட்டும். மேலோட்டமாகப் போனால் பால் வடியாது. பட்டையின் தடிமனைக் கை அறிந்திருத்தல் வேண்டும். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் இவ்வேலையைச் செய்தவர்களின் பிள்ளைகளே அக்கதைகளைப் படித்தனர். விமானியும் விடியுமுன் எழுபவன்தான். அவனும் கருவியின் அதிர்வைக் கையால் அறிபவன்தான். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. வானில் ஏறியபின் அவனுக்குமேல் கிராணி இல்லை, தண்டல் இல்லை, துரையும் இல்லை. இயந்திரம் பழுதுற்றால் முடிவெடுப்பவன் அவனே. அம்முடிவுக்குப் பிறர் கட்டுப்பட்டே ஆகவேண்டும். கைத்திறனும் அதிகாரமும் ஒரே மனிதனிடம் கூடியிருப்பதைத் தோட்டத்துப் பிள்ளை தன் வாழ்வில் கண்டதில்லை, கதையில் கண்டது. இக்கவர்ச்சியின் வேர் இதுவே என்பது நம் துணிபு.

நம் இலக்கிய மரபில் வானூர்திக்குப் பஞ்சமில்லை, ஓட்டுநருக்கே பஞ்சம். புறநானூற்றின் 27ஆம் பாடல் கூறும் வானூர்தி, ஓட்டுபவன் செலுத்தாமலேயே செல்வது; அதுவே அதன் சிறப்பும் ஆகும். விதிவிலக்காக நிற்பவள் சீவகசிந்தாமணியின் விசயை. சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை இயக்கப் பழகியவள். கருவுற்ற நிலையில் அதிலேறித் தப்பியவள். கட்டியங்காரனின் வெற்றி முரசம் கேட்டு அவள் மயங்கியதும் பொறி சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். தமிழ்க் காப்பியம் தந்த விமானி ஒரு தாய் என்பதை வகுப்பறையில் நாம் அழுத்திக் கூறுவதில்லை. பொறியின் வியப்பைப் பேசுமளவிற்கு, அதனைப் பழகிய கையைப் பற்றிப் பேசுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு நெருடலையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. கெடாவின் வானம் கதையில் மட்டும் இருந்ததன்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தின்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து சிங்கோராவைத் தாக்கப் புறப்படவிருந்த பிரித்தானிய விமானங்களுள் ஆர்தர் ஸ்கார்ஃப் என்பாரின் பிளென்ஹைம் விமானம் மட்டுமே மேலெழ முடிந்தது. தனியே சென்று குண்டு வீசித் திரும்பிய அவர், உயிர் போகும் காயத்துடன் அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கி, உடன் வந்தவர்களைக் காத்துத் தாம் மருத்துவமனையில் இறந்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பெற்றது. எந்தச் சாகசக் கதைக்கும் குறையாத நிகழ்வு இது.

அதே 1946ஆம் ஆண்டில்தான் டபிள்யூ. ஈ. ஜான்ஸ் தம் புகழ்பெற்ற விமானி நாயகன் பிகிள்ஸை இரப்பர் தேடி இப்பகுதிக்கு அனுப்பிவைத்தார். ஜப்பானியர் வசமிருந்த நிலப்பகுதியிலிருந்து இரப்பரை மீட்டுவருவதே 'பிகிள்ஸ் டெலிவர்ஸ் த குட்ஸ்' என்னும் நாவலின் பொருள். ஜான்ஸ் தாமே முதல் உலகப்போரில் விமானியாக இருந்து, 1918இல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டவர். ஆதலால் விமானி அறையின் அச்சத்தையும் களைப்பையும் அவர் பொய்யின்றி எழுத வல்லவர். ஆயினும் இந்நாவலில் இரப்பர் என்பது சரக்கு. அதனை வெட்டிய கைகளில் கதைக்கு அக்கறையில்லை. அக்கைகளுக்கு உரியோர் எங்குச் சென்றனர் என்பதை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகிய நாவல்களில்தான் நாம் காண இயலும். மலேசியத் தமிழ் நாவல் அக்காலத்தைத் தரையிலிருந்து எழுதியது. பிகிள்ஸ் கதை வானத்திலிருந்து எழுதப்பட்டது.

மேலிருந்து காணும்போது தோட்டம் அழகியது. நிரைகள் நேர்க்கோடாகத் தெரியும், மனிதர் தெரியமாட்டார். ஜார்ஜின் இருக்கையில் கற்பனையாக அமர்ந்த சிறுவன், தன்னையே காணமுடியாத உயரத்திற்குச் சென்றுவிடுகிறான். இது அக்கதைகளின் மெய்யான குறை. கீழ்த்திசை வில்லன்கள், மயக்கும் ஒற்றர் மகளிர் எனும் வாய்பாடுகளை விடவும் இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். ஆனால் இக்குறைக்காக அவற்றைப் பள்ளி நூலகத்திலிருந்து விலக்க வேண்டுமென்பார் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. 'கையறு'வையும் ஒரு விமானிக் கதையையும் அருகருகே வைத்துப் படிக்கும் மேல்வகுப்பு மாணவன், எந்த உயரத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது என்னும் வினாவைத் தானே எழுப்பிக்கொள்வான். கதைக்கூற்றுப் பற்றிய பாடநூல் விளக்கம் இதனைச் செய்வதாக நம் அனுபவத்தில் இல்லை.

மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' (2017) போர்விமானியை நாயகனாக்கி, அவனது தன்முனைப்பையே அவனுக்குப் பகையாக்கியது. அது வான்படை அதிகாரியின் கதை. தொழிலாளி மகனின் கதையன்று. அலோர் ஸ்டாரை அடுத்த கெபாலா பத்தாஸிலோ நம் நாட்டு வான்படையின் பயிற்சிக் கல்லூரி அமைந்துள்ளது. பால்மரம் வெட்டியவரின் பேரனோ பேத்தியோ அங்குப் பயிற்சி விமானத்தில் முதன்முறை தனியே மேலெழுந்து, பாட்டி வேலை செய்த வெளிக்காட்டைக் கீழே தேடும் ஒரு கதையைக் கெடா எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்க்கிறோம். அக்கதையில் பாட்டிக்கும் பேச இடமிருக்க வேண்டும். தலைக்குமேல் விமானம் கேட்டதும் எந்த நிரைக்குள் ஓடி ஒளிந்தாள் என்பதை அவளே சொல்லட்டும்.