கல்லால் தேய்த்த சுவர்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் விசாரித்தால், பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களையும், இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சலவைக்கல்லையும், பெல்ஜியத்துக் கண்ணாடிகளையும், ஆத்தங்குடித் தரைக்கற்களின் வர்ண விசித்திரங்களையும் பற்றி அலுக்காமல் பேசுவார்கள். ஆனால், அவற்றுக்கெல்லாம் பின்புலமாக நின்று, முற்றத்தில் இறங்கும் வெயிலை வாங்கி உள்ளறைகள் வரையில் அனுப்பிக்கொண்டிருக்கும் சுவரைப் பற்றி அநேகமாக ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், "முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசினதாம்" என்ற ஒரே வாக்கியத்தோடு அந்த விஷயம் முடிந்துவிடும். என் அபிப்பிராயத்தில், அந்த மாளிகைகளில் உள்ள அலங்காரங்கள் அனைத்திலும் முதல் ஸ்தானம் பெறத்தக்கது அந்தச் சுவர்தான். அதன் பெருமையில் முட்டைக்கு உள்ள பங்கோ மிகச் சொற்பம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுக் காலம், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு செட்டிநாட்டு வணிகர்களாகிய நகரத்தார் தங்கள் ஊர்களில் நிர்மாணித்த இந்த வீடுகள், இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பார்க்க வருகிறவர்களின் தொகையும் பெருகியிருக்கிறது. வருகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ நல்ல வீடு ஒன்றுக்குள் போகக் கிடைத்தால், காலை ஒன்பது மணி வாக்கில், வளவு என்னும் உள்முற்றத்தில் வெயில் சாய்வாக விழும் சமயத்தில், சுவருக்கு நேரே நிற்காமல் அதன் ஓரமாக நின்று, நீளவாட்டில் பார்வையைச் செலுத்திப் பாருங்கள். கண்ணாடியைப் போல ஒளியை அப்படியே திருப்பி எறிவதும் இல்லை. இக்காலத்து எமல்ஷன் பூச்சைப் போல விழுங்கிவிட்டுச் சும்மா இருப்பதும் இல்லை. வெளிச்சம் ஒரு மயிரிழை ஆழம் உள்ளே போய், அங்கே சற்றுத் தங்கி, கொஞ்சம் மென்மை அடைந்து வெளியே வருகிறது. எதிரே உள்ள ஜன்னலின் நிழல் சுவரில் தெரிகிறது, ஆனால் கம்பிகளை எண்ண முடியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால், வெளியே அனல் பறக்கும் சித்திரை மாதத்திலும் குளிர்ச்சி.

திண்ணையிலும் வளவுத் தாழ்வாரத்திலும் இன்னொன்றைக் காணலாம். உட்கார்ந்த மனிதரின் தலையும் முதுகும் படும் உயரத்தில், சுவரிலே பழுப்பு வட்டங்கள் வரிசையாகப் படிந்திருக்கும். மூன்று நான்கு தலைமுறையினர் எண்ணெய் தடவிய தலையைச் சாய்த்துக் கணக்குப் பார்த்ததும், கல்யாணம் பேசியதும், உறங்கியதும் அங்கே பதிந்திருக்கின்றன. வீட்டுக்காரர்களுள் சிலர் இதைக் கறை என்று வருந்துகிறார்கள். எனக்கோ அந்தச் சுவரில் அதுவும் ஒரு பூச்சு.

இனி, இந்தச் சுவர் உண்டாகும் விதம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றினால் அது கொதித்துப் பொங்கி அடங்கி, வெண்ணெய் போலக் குழையும். அதைப் பூசி விட்டால், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிவிடும். கல்லை மாவாக்கி, மாவைச் சுவரில் ஏற்றி, மீண்டும் கல்லாக்கும் இந்தச் சுற்றில் அவசரத்துக்கு இடமே கிடையாது. சரியாக நீறாத ஒரு சிறு கட்டி சாந்தில் தங்கிவிட்டால், பூசி முடிந்த பல நாள் கழித்து அது ஈரத்தைக் குடித்து உப்பி, சுவரில் கொப்புளம் வெடிக்கும். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய ரோமானியராகிய விட்ருவியஸும் இதே கொப்புளத்தைப் பற்றி எச்சரித்திருக்கிறார். மணல் சாந்தில் மூன்று பூச்சும் சலவைக்கல் தூளில் மூன்று பூச்சுமாகச் சுவரை மெருகேற்ற வேண்டும் என்று விதித்தவரும் அவரே. நீற்றிய சுண்ணாம்பை நம் ஊர்க் கொத்தனார்கள் மூடிப் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைத்ததும், மாடு கட்டிய செக்கில் மணலோடு சேர்த்து அரைத்துக் காரையாக்கியதும், கடைசிப் பூச்சுக்குரியதை மட்டும் அம்மியில் மைபோல அரைத்ததும் அந்தக் கட்டியை ஒழிப்பதற்காகத்தான்.

பருமணல் கலந்த காரை முதலில். அதன்மேல் வரவர மணல் குறைந்தும் நுணுகியும் செல்லும் பூச்சுகள். முடிவில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் ஊடே சேரும். இனிப்பு, சுண்ணாம்பு தண்ணீரில் அதிகமாகக் கரையும்படி செய்து, சாந்து மெல்ல இறுக வழிவகுக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் கடைசிப் பூச்சில் சேர்ந்து அதற்கு வழவழப்பையும் பிடிப்பையும் தந்து, கை ஓட உதவுகின்றன. இவ்வளவுதான் முட்டையின் காரியம். முட்டையைக் கூடை கூடையாகக் கொட்டினாலும், பூசிவிட்டுச் சும்மா இருந்தால் பளபளப்பு வராது. பளபளப்பு தேய்ப்பிலே வருகிறது.

காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீடு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரின் கையை அருகில் நின்று கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வாசலிலும் ஜன்னல்களிலும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார். காற்று புகுந்தால் பூச்சு முந்திக் காய்ந்துவிடும். கரணையால் பூசி, மணியாசுக் கட்டையால் நிரவிவிட்டு, நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது எழுந்து போய் மோதிர விரலின் நுனியால் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்; விரலில் வெள்ளை ஒட்டினால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் ஈரத்தின் குளிர்ச்சி மட்டும் இருந்தது போலும். உடனே மடியிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள ஒரு கூழாங்கல்லை எடுத்து, மேலிருந்து சிறு சிறு வட்டங்களாகத் தேய்க்கத் தொடங்கினார். முதலில் மண் உரசும் ஓசை வந்தது. சற்று நேரத்தில் அது குறைந்து, ஈரத் தோலின்மேல் விரல் வழுக்குவது போன்ற மெல்லிய கீச்சொலியாக மாறியது. அந்த ஒலி மாறிய இடத்தில்தான் ஒளி பிறந்தது. அதுவரை மங்கலாகக் கிடந்த வெள்ளை, கல் போன வழியெல்லாம் விழித்துக்கொண்டது.

"இரும்புக் கரணையாலேயே தேய்க்கலாமே, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"தேய்க்கலாம் ஐயா. கறுப்பு விழுந்துடும். அப்புறம் அதை எடுக்க ஒரு வழியும் கெடையாது" என்றார், கையை நிறுத்தாமல்.

முந்தினால் கல் பூச்சை இழுத்துக்கொண்டு வரும். பிந்தினால் கீறல் விழும். இடையே உள்ள கால அளவு, வெயிலையும் காற்றையும் கீழ்ப்பூச்சின் ஈரத்தையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் ஒரு பெரிய சுவரின் கடைசிப் பூச்சை நாலைந்து பேர் சாரத்தில் வரிசையாக நின்று, இடையில் விடாமல் ஒரே வீச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது. நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் சேர்ந்த இடம் தழும்பாகத் தெரியும். பெரிய கூடங்களின் சுவர்களில் அரைத்தூண்களும் பட்டிகளும் வகுத்திருப்பதை வெறும் ஆடம்பரம் என்று எண்ணுகிறவர்கள், ஒரு நாள் வேலை அங்கே முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க அவை எவ்வளவு வாகாக இருக்கின்றன என்பதையும் யோசிக்கலாம். தேய்த்து முடித்தாலும் வேலை ஓய்வதில்லை. சில நாள்களுக்குச் சுவர் வியர்க்கும். நீர் முத்து முத்தாக அரும்பும். அதை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வித்தை செட்டிநாட்டில் முளைத்ததன்று. 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலின் பிரம்மாண்டமான தூண்கள் செங்கல்லால் ஆகி, வெண்சுதையால் மெருகேறியவையே. சென்னையில் 1802இல் ஜான் கோல்டிங்காம் கட்டி முடித்த விருந்து மண்டபம், நாம் ராஜாஜி மண்டபம் என்று அழைக்கும் கட்டடம், அதே சுண்ணாம்பு மரபில் வந்தது. சென்னைச் சுண்ணாம்புச் சாந்தைத் தயாரிக்கும் முறை, செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் எழுதிய குறிப்பாக, 1732ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்திருக்கிறது; கடுக்காயும் வெல்லமும் முட்டையும் அதில் உண்டு. வந்த வெள்ளைக்காரர்கள் பலரும் சென்னை வீடுகளைக் கண்டு, "சலவைக்கல்லோ என்று மயங்கினோம்" என்ற பாவனையில் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய பாராட்டை நம்மவர்களும் இன்று வரையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சலவைக்கல்லில் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே கோடு விழும். அதன் குளிர்ச்சியில் ஒரு விறைப்பும் உண்டு. கல்லால் தேய்த்த சுவரோ, மூலை திரும்பும் இடத்திலும் இணைப்பு இன்றி வழிந்தோடுகிறது. அருகில் சென்று பார்த்தால், தேய்த்த கையின் மிக மெல்லிய ஏற்றத் தாழ்வுகள் அதில் அலையலையாகத் தெரிகின்றன. அதைச் சலவைக்கல்லின் பிரதியாக மதிப்பது அதற்குச் செய்யும் மரியாதை அன்று.

வர்ணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை. அதன் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும். மஞ்சளைக் கலந்தால் அது சிவந்துவிடும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். செங்காவி, மஞ்சள் காவி, கரி, பச்சை மண் போன்ற மண்ணின் பிள்ளைகள்தாம் அங்கே நிலைக்கின்றன. சுண்ணாம்புச் சுவரின் வர்ணங்கள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இசைந்திருப்பதற்கு, கலைஞரின் ருசி பாதிக் காரணம் என்றால், தேர்வுக்குக் கிடைத்தவை சிலவே என்ற நிர்ப்பந்தம் மறுபாதிக் காரணம்.

இன்றைய நகர வீடுகளில் அலங்காரப் பூச்சு வேலை செய்கிற பெயின்டர்களை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. இரும்புக் கதவின்மேல் சீப்பை வளைத்து வளைத்து இழுத்துத் தேக்கின் ரேகையையும் கணுவையும் வரவழைக்கிற ஒரு மனிதர், மரத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால் ஒழிய அதைச் செய்ய முடியாது. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பஞ்சால் ஒற்றியும் துணியைச் சுருட்டி உருட்டியும் அவர்கள் உண்டாக்கும் கோலங்களில் சில உண்மையிலேயே அழகானவை. இப்போது இத்தாலியப் பெயரைத் தாங்கிய டப்பாக்களில் சுண்ணாம்புப் பூச்சே விலைக்கு வந்து, அதை வளையும் தகட்டால் தேய்த்து மெருகேற்றித் தருகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். வெனிஸிலும், ஜெய்ப்பூரிலும், மொராக்கோவின் மராகேஷிலும் இதே குலத்தைச் சேர்ந்த பூச்சுகள் உண்டு. மராகேஷில் முட்டைக்குப் பதில் சவுக்காரம் தடவிக் கல்லால் தேய்க்கிறார்கள். வெனிஸின் பெயரைச் சொன்னால் சதுர அடிக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கிறவர்கள், காரைக்குடிக் கொத்தனார் காத்திருந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதுதான் என் குறை. அந்தக் காத்திருப்பு வேலையின் ஒரு பகுதி. கூலியில் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அத்தகைய சுவர் உள்ள வீடு எவருக்காவது வாய்த்திருந்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கோ புது வருஷத்துக்கோ வீட்டைப் புதுப்பிக்கும் உற்சாகத்தில், அதன்மேல் பட்டியும் எமல்ஷனும் ஆயில் பெயின்டும் ஏற்றிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியேவிட்டு மூச்சு விடுவது. மேலே தோல் போர்த்தினால் உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து, அந்தத் தோலோடு பழைய மெருகையும் சேர்த்து உரித்துவிடும். விரிசலில் சிமென்ட் அடைப்பதும் அப்படியே. அழுக்கானால் ஈரத் துணியால் மெல்லத் துடையுங்கள். உடைந்தால், சுண்ணாம்பில் வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரையில் உடைந்தபடியே விட்டுவையுங்கள். அவர்கள் இன்னும் காரைக்குடிப் பக்கத்தில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.